பார்வை மங்கிவரும் ஓவியருக்கு: மலையகத்தில் இருந்துகொண்டே தொடர்ந்து வரைவதற்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் எந்த ஓவியப் பள்ளிக்கும் போகாமலே ஓவியரானவர்கள் பலர் இருக்கிறார்கள். கோயில் சுவரில் அம்மனை எழுதியும், காமன் கூத்துக்கும் பொன்னர் சங்கருக்கும் முகம் தீட்டியும், நகரத்துக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியும் கையைப் பழக்கிக்கொண்ட அவர்களுக்குக் கண்தான் ஆசிரியராக இருந்தது. அந்தக் கண்ணே மங்கத் தொடங்கும்போது "இனி இது முடியாது" என்று சுற்றியிருப்பவர்களும் சொல்வார்கள், வரைபவரும் நம்பிவிடுவார். இந்த வழிகாட்டி அந்த ஓவியருக்காகவும், அவரோடு லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) ஒரே காம்பராவில் (அறையில்) வாழும் குடும்பத்தாருக்காகவும் எழுதப்படுகிறது. கண் செய்துவந்த வேலைகளை விரலுக்கும் நினைவுக்கும் மாற்றிக்கொடுக்க முடியும்; ஆனால் அந்த மாற்றத்தைப் பார்வை மிச்சமிருக்கும்போதே தொடங்க வேண்டும். விரல் சொல்வது சரிதானா என்று கண்ணால் சரிபார்க்க முடிகிற காலத்தில் பழகியது நிலைக்கும். முற்றாக இருண்ட பிறகு தொடங்குவதும் இயலாததல்ல, ஆனால் அப்போது பாதை நீளமாகிவிடும்.

முதற்படி: என்ன நோய் என்று திட்டமாக அறிதல்

"கண்ணு தெரியல" என்பது நோயின் பெயர் அல்ல. எந்த நோய் என்று அறியாமல் வரையும் முறையை மாற்றத் தொடங்குவது வீண் வேலை; ஏனெனில் ஒரு நோய்க்கு உதவும் முறை இன்னொன்றுக்குத் தடையாக இருக்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் கண்ணில் விடும் மருந்தோடு திரும்பிவிடாமல், அங்கிருந்து கடிதம் பெற்றுக் கண் வைத்தியரிடம் செல்லுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பதுளை வைத்தியசாலையிலும் கண் பிரிவுகள் உள்ளன. மேலதிகச் சிகிச்சை தேவைப்பட்டால் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்றாலும், ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும் என்ற கவலை தொழிலாளிக்கு உண்டு. ஆயினும் இந்த ஒரு பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது. கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகவும் கூச்சமாகவும் இருக்கும். ஆகவே கட்டாயமாக ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கண்புரை என்றால் கவலை குறைவு. கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறுவதால் நிறங்கள் திரிந்து தெரியும். சத்திரசிகிச்சையால் பெரும்பாலும் பார்வை திரும்பும். பிரெஞ்சு ஓவியர் மொனேவுக்கு 1912இல் கண்புரை கண்டறியப்பட்டது. அச்சத்தால் தள்ளிப்போட்டு, 1923இல்தான் வலக்கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். இடைப்பட்ட ஆண்டுகளின் ஓவியங்கள் சிலவற்றில் நிறம் சிவப்பாகவும் பழுப்பாகவும் திரண்டிருப்பதை இன்றும் காணலாம். கண்புரையை விதி என்று ஏற்றுக்கொண்டு தோட்டத்தில் இருட்டில் இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வழிகாட்டியை விட ஒரு வைத்தியரே தேவை.

நீரிழிவால் விழித்திரை பழுதடைந்திருந்தால் லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் செலுத்தும் ஊசிமருந்தும் உண்டு. சீனியையும் பிரஷரையும் கட்டுப்படுத்தாமல் அவை நின்று பலன் தரா. குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோயில் பார்வை நரம்பு சேதமடைந்து, பெரும்பாலும் ஓரப்பார்வை ஓசையின்றிக் குறையும். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பது பெரும்பாலும் தினமும் விடும் சொட்டுமருந்துதான்; சிலருக்கு லேசரோ சத்திரசிகிச்சையோ தேவைப்படும். வலி இல்லை என்பதால் மருந்தை நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். முதுமையில் விழித்திரையின் மையம் தேய்வது வேறொரு நோய். அதில் பார்க்கும் இடமே மறைந்து, சுற்றிலும் உள்ளவை தெரியும்.

இளம் வயதிலேயே மாலைக்கண் போலத் தொடங்கி, பெரட்டுக்களத்திலிருந்து (தொழிலாளர் வேலைக்குக் கூடும் இடத்திலிருந்து) பொழுதுபட்டுத் திரும்பும்போது படிக்கட்டு தெரியாமற் போய், ஆண்டுக்காண்டு பார்வை குழாய்போல் ஒடுங்கினால், அது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா எனும் பரம்பரை நோயாக இருக்கலாம். நெருங்கிய உறவில் மணம் செய்த குடும்பங்களில் இதன் சில வகைகள் வருவதற்கு வாய்ப்பு அதிகம். இது யார்மீதும் பழி சொல்வதற்கான செய்தி அல்ல. உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கான செய்தி. ஒரேயொரு மரபணு வகைக்கு மட்டும் மரபணுச் சிகிச்சைக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மற்றவற்றுக்கு நோயை மாற்றும் மருந்து நடைமுறையில் இல்லை. எண்ணெயும் தேனும் கண்ணில் விட்டுக் குணமாக்குவதாகச் சொல்பவரிடம் பணத்தையும் காலத்தையும் கொடுக்காதீர்கள்.

வைத்தியரிடம் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்: பார்வையின் எந்தப் பகுதி போகிறது, எவ்வளவு வேகமாகப் போகலாம், கடைசிவரை எது மிஞ்சும். மூன்றாவது கேள்வியின் விடையில்தான் உங்கள் ஓவியம் நிற்கப்போகிறது.

இரண்டாம் படி: மிச்சமுள்ள பார்வைக்கு ஏற்ற அளவும் தூரமும்

வெள்ளைச் சுவரில் கறுப்புப் புள்ளி ஒன்றை ஒட்டி, ஒரு கையெட்டுத் தூரத்தில் அமர்ந்து, ஒரு கண்ணை மூடி அப்புள்ளியையே நோக்குங்கள். துணைக்கு இருப்பவர் சிவப்புத் துணி சுற்றிய குச்சியை வெளியிலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவர, அது தெரியும் இடங்களில் சுவரில் பென்சிலால் குறிக்கட்டும். இரு கண்களுக்கும் செய்தால் உங்கள் பார்வையின் வரைபடம் கிடைக்கும். இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று அல்ல. ஆனால் ஓவியருக்கு வேண்டிய அறிவு இதில் இருக்கிறது.

ஓரப்பார்வை போய் நடுப்பகுதி மிஞ்சியவர் சிறிய தாளில் வரைய வேண்டும், அல்லது பெரிய படத்தை எட்ட நின்று பார்க்க வேண்டும். தள்ளி நிற்குமளவுக்கு அந்தக் குறுகிய வட்டத்துக்குள் படத்தின் அதிக பகுதி அடங்கும். நடுப்பகுதி போய் ஓரம் மிஞ்சியவருக்கு இது நேர்மாறானது. அவர் பெரிய பலகையில், தடித்த தூரிகையால், நெருங்கி நின்று வரைவதோடு, பொருளை நேராகப் பார்க்காமல் சற்று மேலோ பக்கமோ நோக்கிப் பழக வேண்டும். எந்தப் பக்கம் நோக்கினால் நன்றாகத் தெரிகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு கடிகாரத்தின் முகத்தை நினைத்துக்கொண்டு பன்னிரண்டு திசைகளையும் பொறுமையாகச் சோதித்தால் பிடிபடும். முதலில் கழுத்து வலிக்கும். சில வாரங்களில் அது இயல்பாகிவிடும்.

மூன்றாம் படி: வெளிச்சம்

லயத்துக் காம்பராவில் ஒரு கதவும் சின்ன ஜன்னலும் மட்டுமே இருக்கும். அடுப்புப் புகை சுவரைக் கறுக்கச் செய்திருக்கும். இயன்றால் வேலையை இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் மூடுபனி இறங்கும்போது வெளிச்சம் எல்லாத் திசைகளிலிருந்தும் சிதறி வருவதால், கூச்சம் உள்ள கண்ணுக்கு அது இருட்டைவிட மோசமானது. அந்த நேரத்தில் விளிம்புள்ள தொப்பி அணிந்து, பனிக்கு முதுகைக் காட்டி அமர்வது உதவும். விளக்கு வாங்குவதென்றால் வளையும் கழுத்துள்ள எல்இடி மேசை விளக்கு போதும். வரையும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், கண்மட்டத்துக்குக் கீழே வைத்தால் கையின் நிழலும் விழாது, கண்ணிலும் அடிக்காது.

பளீரென்ற வெள்ளைத் தாளில் தொடங்குவதை விட்டுவிடுங்கள். சாம்பல் அல்லது தேயிலைச் சாயம் போன்ற மெல்லிய பழுப்பு நிறத்தை முதலில் பலகை முழுவதும் பூசிக்கொண்டால் கூச்சம் குறையும். மேலே வரும் வெளிர் நிறமும் கடும் நிறமும் தனித்தனியே தெரியும். கடும் நீலம், கடும் பச்சை, கறுப்பு ஆகியவை மங்கிய ஒளியில் ஒன்றாகத் தெரியத் தொடங்கும் என்பதால், அவற்றை அடுத்தடுத்து வைக்காமல் இடையே வெளிர் நிறம் ஒன்றை இடுவது நல்லது.

நான்காம் படி: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம்

என் கருத்தில் மற்ற எல்லாப் படிகளையும்விட முக்கியமானது இதுதான். பலரும் இதைத்தான் அலட்சியம் செய்கிறார்கள். குசினியில் உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூளையும் அம்மாவின் கை இருட்டிலும் எடுப்பதுபோல, உங்கள் கை வர்ணத்தை எடுக்க வேண்டும். அதற்கு முதலில் வர்ணங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு, ஒரு மண் பழுப்பு ஆகிய ஆறும் இருந்தால் மற்றவற்றைக் கலந்துகொள்ளலாம்.

விளிம்புயர்ந்த தட்டு ஒன்றில் சட்டம் அடித்து ஆறு அறைகள் செய்து, இடமிருந்து வலமாக வெளிரிலிருந்து கடுமைக்கு அடுக்குங்கள். இந்த வரிசையை வாழ்நாளில் மாற்றாதீர்கள். பார்வை குன்றிய காலத்தில் மொனேவும் வர்ணக் குழாய்களில் பெயரெழுதி ஒட்டி, தட்டில் நிறங்களை ஒரே ஒழுங்கில்தான் வைத்தார். குழாய்களில் இறப்பர் வளையம் போடுங்கள்: வெள்ளைக்கு வளையமே வேண்டாம், மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு இரண்டு, நீலத்துக்கு மூன்று. கறுப்புக்குத் துணியும் பழுப்புக்கு நூலும் சுற்றலாம். பிரெயில் பழகியவர் பிரெயில் ஒட்டலாம். பழகாதவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு அடிகனமான, அகன்ற பாத்திரம் வேண்டும். குடிக்கும் கோப்பை ஒருபோதும் அந்த மேசைக்கு வரக் கூடாது. தூரிகைகளின் பிடியில் கத்தியால் வெட்டுக்கள் இட்டால் அளவு விரலுக்குத் தெரியும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். துப்புரவு செய்வதாக நினைத்து அந்த மேசையை ஒழுங்குபடுத்திவிடாதீர்கள். ஒரு தூரிகையை எடுத்து ஒரு சாண் தள்ளி வைத்தாலும் அவருடைய அன்றைய வேலை குலைந்துபோகும்.

எண்ணெய் வர்ணம் பழகியவர் அக்ரிலிக்குக்கு மாறுவதை நான் வலியுறுத்துவேன். விறகடுப்பு எரியும் அடைந்த அறையில் டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு, சரியாகப் பார்க்க முடியாத ஒருவர் வேலை செய்வது உயிராபத்து. அக்ரிலிக்கில் தண்ணீர் போதும், விரைவில் காயும், காய்ந்த அடுக்கை விரலால் தடவிப் பார்க்கலாம். ஆனால் நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் புல்லில் உறைபனி விழும் அளவுக்குக் குளிரும். ஏறக்குறைய 10 பாகை செல்சியசுக்குக் கீழே அக்ரிலிக் ஒன்றிணைந்த படலமாக இறுகாமல், பின்னர் வெடித்து உதிரும். அக்காலத்தில் காலை பத்து மணிக்குப் பிறகே பூசுங்கள். ஈரப் படத்தை இரவில் வெளியே விடாதீர்கள்.

ஐந்தாம் படி: கோட்டைத் தொட்டு அறிதல்

அமெரிக்க ஓவியர் ஜோன் பிராம்ப்ளிட் 2001இல் பார்வையை இழந்த பிறகே ஓவியம் தீட்டத் தொடங்கினார். துணியில் எழுதும் தடித்த வர்ணத்தால் முதலில் மேடான கோடுகளை இட்டு, காய்ந்தபின் ஒரு கையால் கோட்டைத் தடவிக்கொண்டே மறுகையால் நிறம் நிரப்புகிறார். இதை இங்கே செய்வது கடினமல்ல. மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைக் கூர்முனைப் போத்தலில் எடுத்து, தாளில் அல்லாமல் ஹார்ட்போர்ட் பலகையில், ஒரே அழுத்தத்தில் கோடாக விடுங்கள். மழைக்காலத்தில் அது காய ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். அவசரப்பட்டுத் தொட்டால் கோடு நசுங்கும். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போகும், விரலுக்கு மட்டும் தெரியும். ஈரம் பட்டால் இப்பசை மீண்டும் இளகக்கூடியதாகையால், முதலில் அக்ரிலிக்கை மெல்லியதாக ஒரு முறை பூசி மூடிவிட்டு நிறம் நிரப்பத் தொடங்குங்கள்.

கோடு போடுவதற்கு முன் இடம் குறிக்க வேண்டும். பலகையின் நான்கு ஓரங்களிலும் சம தூரத்தில் சிறு ஆணிகள் அடித்து, குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டினால் கட்டங்கள் கிடைக்கும். மேலிருந்து மூன்றாவது கட்டத்தில் மலையின் முகடு, கீழிருந்து இரண்டாவதில் லயத்துக் கூரை என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 2005இல் முற்றாகப் பார்வையிழந்த ஆங்கில ஓவியர் சார்ஜி மான், திரும்பத் திரும்ப ஒட்டி எடுக்கக்கூடிய பசைக் களிம்பைச் சிறு உருண்டைகளாக்கிப் படத்தில் ஒட்டி, உருவங்களின் தலை, தோள், கால் இருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு 2015இல் இறக்கும்வரை வரைந்தார். உருண்டை கிடைக்காவிட்டால் தலை உருண்ட குண்டூசிகளும் போதும். ஒரு சிறு பயிற்சி: மடித்த சாக்கின் மேல் தடித்த தாளை வைத்துப் போல்பொயின்ற் பேனையால் அழுத்தி வரைந்து தாளைத் திருப்பினால், கோடு மேடாகத் தெரியும், இட வலம் மாறி. தினமும் பத்து நிமிடம் இதைச் செய்தால் கை நேர்கோட்டையும் வட்டத்தையும் கண்ணின் உதவியின்றிப் போடப் பழகும்.

ஆறாம் படி: நிறத்தைத் தொட்டு அறிதல்

வர்ணத்தின் தடிமனையே அடையாளமாக்கலாம். பிராம்ப்ளிட் வெள்ளையைப் பற்பசைபோல் தடிப்பாகவும், கறுப்பை எண்ணெய்போல் ஓடும் பதத்திலும் வைத்திருப்பார். இரண்டையும் கலக்கும்போது பதத்தைக் கொண்டே சாம்பலின் வெளிர்மையை அறிவார். நீங்கள் உங்களுக்கான பதங்களை வகுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளில் நன்றாகக் கழுவிக் காயவைத்துச் சலித்த ஆற்றுமணலை ஒரு சிட்டிகை சேர்த்தால் விரலுக்கு நறநறவென்று இருக்கும். மரத்தூளும் தேயிலைத் தூளும் இங்குள்ள ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், அவற்றைத் தவிருங்கள்.

கலவைகளைக் கரண்டியால் அளந்து செய்து, கைத்தொலைபேசியில் குரலாகப் பதிவு செய்யுங்கள். புதுக் கொழுந்தின் பச்சைக்கு மஞ்சள் மிகுதியாகவும் நீலம் மிகக் குறைவாகவும் வேண்டும். முற்றிய இலைக்கு நீலத்தைக் கூட்டி, சிவப்பில் ஒரு துளி சேர்க்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளின் கிளைகளைத் தறித்த) மலையின் நிறத்துக்குப் பழுப்பும் வெள்ளையும் போதும். உங்களுக்குப் பிடித்த பதத்தைப் பார்வை உள்ளபோதே கண்டுபிடித்து, "நாலு கரண்டி மஞ்சள், கால் கரண்டி நீலம்" என்று சொல்லி வையுங்கள். பிற்காலத்தில் அந்தப் பதிவுதான் உங்கள் கண். அன்ட்ரொய்ட் தொலைபேசியில் டோக்பேக் வசதியை இயக்கினால் திரையில் உள்ளது தமிழிலேயே வாசிக்கப்படும். நிறத்தைச் சொல்லும் செயலிகளும் உண்டு, ஆனால் மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் அவை தவறும். பகல் வெளிச்சத்தில் மட்டும் நம்பலாம்.

ஏழாம் படி: நினைவைச் சேமித்தல்

பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, "பார்க்கக்கூடியதையெல்லாம் இப்போதே பார்த்து வையுங்கள்" என்பது. அது போதாது, பார்த்தது மங்கும், தொட்டுப் பார்த்தது நிற்கும். மலையகத்தவருக்கு இதில் ஒரு வலிமை இருக்கிறது. கொழுந்து பறித்த கைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே ஒடியும் என்பது பார்க்காமலே தெரியும்; செடியின் மட்டம் இடுப்பில் எங்கே இடிக்கும், கூடையின் கயிறு நெற்றியில் எப்படி இழுக்கும், கங்காணி நின்று கூப்பிட்டால் குரல் எந்தச் சரிவிலிருந்து வரும் என்பதெல்லாம் உடம்பில் பதிந்திருக்கிறது. ஊரில் கேட்ட அருவியை வரைவதைவிட, உங்கள் உடம்பு அறிந்த இவற்றை வரையுங்கள். ஒரு பொருளைத் தேர்ந்து, முதலில் பார்த்து வரையுங்கள். அடுத்து கண்ணைக் கட்டிக்கொண்டு தடவி வரையுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். முகம் வரைபவர் வீட்டாரின் முகங்களை அனுமதியோடு தடவிப் பழகலாம். நெற்றிக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தை விரலளவில் குறித்துக்கொள்ளலாம்.

இல்லாத உருவங்கள் தெரிந்தால்

பார்வை குறைந்தவர்களில் சிலருக்குப் பூக்கோலங்களும், சிறு மனிதர்களும், முகங்களும் கண்முன் தோன்றும். இது சார்ல்ஸ் பொனே நோய்க்குறி. சுவிட்சர்லாந்து அறிஞர் பொனே 1760இல் தம் பாட்டனாருக்கு நேர்ந்ததாக இதை எழுதினார். கண்ணிலிருந்து செய்தி குறையும்போது மூளை தானே காட்சிகளை உண்டாக்குகிறது. இது பைத்தியமல்ல, பேய் பிடித்ததுமல்ல, சாமி வந்ததுமல்ல. குறிசொல்பவரிடம் அழைத்துச் செல்வதால் அவரை அச்சப்படுத்துவது மட்டுமே நடக்கும். வைத்தியரிடம் சொல்லுங்கள்; கண்ணை இரண்டு மூன்று முறை சிமிட்டினாலோ விளக்கைப் போட்டாலோ சிலருக்கு மறைந்துவிடும். அவற்றை வரைய விரும்பினால் வரையுங்கள். ஆனால் மனம் தொடர்ந்து கனத்து, உறக்கமும் உணவும் குறைந்தால், அதுவும் சிகிச்சை உள்ள ஒரு நிலையே. அதற்கும் வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

எட்டாம் படி: துணைக்கண்

படத்தைப் பற்றிக் கேட்பதற்கு ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். "நல்லாருக்கு மாமா" என்று சொல்லும் பிள்ளையால் பயனில்லை. "மூணு மணி பக்கத்துல சிவப்பு கோட்டைத் தாண்டி ரெண்டு விரல் வழிஞ்சிருக்கு மாமா" என்று சொல்லப் பழக்குங்கள். கடிகார முகத்தை வைத்து இடம், விரலை வைத்து அளவு, பெயரைக் கொண்டு நிறம்: இவ்வளவும் போதும். தூரிகையை வாங்கித் திருத்த அவருக்கு அனுமதி இல்லை. வழிந்ததை விடுவதா துடைப்பதா என்று தீர்மானிப்பது ஓவியர் மட்டுமே. இந்த எல்லையை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் ஓராண்டில் படம் பிள்ளையின் படமாகிவிடும்.

வடிவம் மாறினால் மாறட்டும்

இந்தியாவின் சாந்திநிகேதனைச் சேர்ந்த ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலேயே ஒரு கண் தெரியாது. மறு கண்ணிலும் கடும் கிட்டப்பார்வை. 1950களின் பிற்பகுதியில் கண்புரைச் சிகிச்சை தோற்றுப் பார்வை முற்றாகப் போனபின், வர்ணத் தாள்களை வெட்டி ஒட்டியும் உருவங்கள் வனைந்தும் தொடர்ந்தார். 1972இல் அங்குள்ள கலைக்கல்லூரியான கலா பவனத்தில் பெரிய பீங்கான் ஓட்டுச் சுவரோவியம் ஒன்றை அமைத்தார். அமெரிக்க ஓவியர் ஜோர்ஜியா ஓ'கீஃப் விழித்திரை மையம் தேய்ந்து, 1972இல் உதவியின்றித் தீட்டிய தம் கடைசி எண்ணெய் ஓவியத்தை முடித்தபின் களிமண்ணை எடுத்தார். கத்தரிக்கோலும் வர்ணத் தாளும் எந்தத் தோட்டத்துக் கடையிலும் கிடைக்கும். ஆற்றங்கரைக் களிமண்ணுக்குக் காசும் வேண்டாம். தூரிகைதான் ஓவியம் என்ற பிடிவாதம் ஒரு கட்டத்தில் வரைவதையே நிறுத்திவிடும் என்பதால், பார்வை உள்ளபோதே ஒரு முறை தாள் வெட்டியும் ஒரு முறை மண் பிசைந்தும் பாருங்கள்.

உதவியும் விற்பனையும்

வைத்தியச் சான்றிதழோடும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடும் உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்; கொடுப்பனவு, வெண்பிரம்பு, உதவிக் கருவிகள் பற்றிய விண்ணப்பங்கள் அங்கேதான் தொடங்கும். படிவங்கள் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் பாரபட்சத்தைத் தடைசெய்கிறது.

படத்தை விற்க முதலில் பகல் வெளிச்சத்தில் நல்ல புகைப்படம் எடுத்து, பெயர், அளவு, பயன்படுத்திய பொருள் ஆகியவற்றைக் குரலில் பதிந்து வையுங்கள். ஜோர்ஜ் கீட் அறக்கட்டளை 1993 முதல் கொழும்பில் நடத்திவரும் "கலா பொல" திறந்தவெளிச் சந்தையில் பட்டம் பெறாத ஓவியர்களும் இடம் பெறுகிறார்கள். 1901இல் கண்டியில் பிறந்த கீட் தாமே கற்றுக்கொண்ட ஓவியர்தான். பயணத்துக்கு ஒருவர் துணை வேண்டும். விலை பேசுவதை அவரிடம் ஒப்படைக்காதீர்கள், விலையை முன்னரே முடிவுசெய்து படத்தின் பின்னால் எழுதிவிடுங்கள். வாங்க வருபவரிடம் பார்வையைப் பற்றி நீங்களாகத் தொடங்க வேண்டியதில்லை. கேட்டால் மறைக்கவும் வேண்டாம். வாங்குபவர் முதலில் படத்தைப் பார்க்கட்டும், வேண்டுமானால் தொட்டும் பார்க்கட்டும். மேடான கோடுகள் உள்ள படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்தால் அந்த வாய்ப்புப் போய்விடும் என்பதால், கண்ணாடியில்லாத ஆழமான மரச்சட்டமே பொருத்தமானது. கையொப்பத்தை எப்போதும் வலது கீழ் மூலையில், இரு விளிம்புகளிலிருந்தும் இரண்டு விரல் தள்ளி, பசைக் கோட்டாலேயே இட்டுப் பழகுங்கள்.